மதிலுக்கு வெளியே நின்ற சடைச்சியார்

திருவாகைக்குடிக் கோயில் மதிலுக்கு வெளியே சாணி அள்ளித் தெருக் கூட்டுவதே சடைச்சியாரின் திருப்பணி. உள்ளே மண்டபத்தில் ஊர்ச்சபை கூடி வழக்குக் கேட்கும். நீதி சொல்லும் வாய்களிலிருந்து வெற்றிலை எச்சில் மதிலைத் தாண்டி வந்து விழும். அதையும் அந்த அம்மையாரே கழுவினார். அவர்கள் எச்சில் தெருவுக்கு வரலாம், அவர் மட்டும் உள்ளே வந்தால் தீட்டாம். சீ, என்ன பிழைப்பு!

அவரோ பூசை மணி கேட்கும்போதெல்லாம் கோபுரத்தை நோக்கிக் கைகூப்பி, "இங்கனதான் இருக்கேன் சாமி" என்பார். வேறு மந்திரம் அறியார்.

அவர் மகன் காத்தான் மாடு திருடினான் என்று பொய்ப்பழி சுமத்தி, பண்ணையார் வீரசேகரர் அவனைத் தம் தொழுவத்தில் சங்கிலியால் கட்டி வைத்தார். சடைச்சியார் கோயில் காவலன் மூலம் சபைக்கு முறையீடு அனுப்பினார். முறையிட்டவர் பெயரை மண்டபத்துக்குள் மூன்று முறை அழைப்பார்கள். பதில் இல்லையென்றால் வழக்குத் தோற்றது. தோற்றால் காத்தான் பண்ணைக்கு அடிமை. வெளியே நிற்பவருக்கு அந்த அழைப்பு எப்படிக் கேட்கும்? இப்படித் தோற்ற ஏழைகள் சபையை நம்புவதையே விட்டிருந்தார்கள்.

"அவங்ககிட்டப் போயி நீதி கேக்கியே, ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று அண்டை அயலார் சிரித்தனர்.

"சபை அவங்களதா இருக்கட்டும். உள்ள இருக்குற சாமி நம்மளதுதானே" என்றார் அவர்.

பெயர் அழைக்கும் சிதம்பரநாதரிடம், "ஐயா, வாசப்பக்கம் வந்து ஒருவாட்டி கூப்புடுங்க" என்று கெஞ்சினார்.

"ஒனக்காவ நான் தெருவுல நின்னு கத்தணுமோ? போ, போ!"

விசாரணை நாளில் சிதம்பரநாதர் கொட்டாவி விட்டபடி, "சடைச்சி" என்றார். பதிலில்லை. இரண்டாம் முறையும் இல்லை. பண்ணையார் மீசையைத் தடவிக்கொண்டார். மூன்றாம் முறை அழைத்ததும் கருவறைக்குள்ளிருந்து குரல் எழுந்தது.

"இங்கனதான் இருக்கேன்."

குருக்கள் ஓடிப் பார்த்தார். அங்கே லிங்கத்தைத் தவிர எவருமில்லை.

"யாரது?" என்றார் சபைத் தலைவர் அகோரத்தார்.

"பேரக் கூப்பிட்டீகளே, வந்திருக்கேன். அவ வெளிய நிக்கா."

அகோரத்தார் வாசலுக்கு ஓடினார். சடைச்சியார் குனிந்து, சற்றுமுன் அகோரத்தார் துப்பிய எச்சிலை மதிலிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார். வாயிலிருந்த வெற்றிலையை என்ன செய்வதென்று தெரியாமல் அகோரத்தார் விழுங்கிவிட்டு, தெருவிலேயே அமர்ந்து வழக்குக் கேட்டார். கற்பூரத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னதும் பண்ணையார் கையை இழுத்துக்கொண்டார். காத்தானின் சங்கிலி கழன்றது.

அன்றுமுதல் அவ்வூர்ச் சபை தெருவிலேதான் கூடியது. கடவுளே எழுந்து பதில் சொன்ன பிறகுதான் அந்தப் பெரியவர்களுக்கு வாசற்படி இறங்கத் தெரிந்தது. அவர்களை விடுங்கள். அழைப்புக் கேளாத இடத்தில் நின்றும் ஆண்டவனை நம்பிய சடைச்சியார் திருவடி வாழ்க.