தெய்வநாயகத்தின் பேரல்

"டீச்சர், துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா போடலாம்? அதுக்கு எந்த பேரல் சரியா வரும்? நாலு மாசமா இதே யோசனைதான். மண்டை காயுது."

தெய்வநாயகம் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். வயது அறுபதைத் தாண்டியவர். கோவில்பட்டிக்காரர். இப்போது இருப்பது டெக்சஸில், மகள் வீட்டு மாடியில்.

செல்வபுஷ்பம் அவரைவிட ரொம்பவே இளையவள். சாத்தூர்க்காரி, அவளும் இப்போது டெக்சஸில்தான். வீட்டுக்குப் பின்னால் லேத் போட்டு, கேட்பவர்களுக்கு அளவெடுத்துத் துப்பாக்கி செய்து கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடவும் கற்றுக் கொடுக்கிறாள். அதனால் எல்லோருக்கும் டீச்சர்.

"எதைச் சுடப் போறீங்க அண்ணாச்சி?"

"ஆயிரம் கஜப் போட்டி. ஒரே ஒரு தடவையாவது என் பேருக்கு நேரா மார்க் விழணும்."

"ஒரு தடவை போதுமா?"

"வலது கண்ணுல நரம்பு வாடுதாம். இந்த வருஷம் தாங்கும், அடுத்த வருஷம் சொல்ல முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு."

செல்வபுஷ்பம் மேஜை மேல் இரண்டு தோட்டாக்களை நிறுத்தினாள். ஒன்று குட்டை. மற்றது நெடுநெடுவென்று உயரம், ஏழு மில்லிமீட்டர் மேக்னம்.

"குட்டை மெதுவாப் போகும். காத்து தள்ளும். ஆனா பேரல் ரொம்ப நாள் உழைக்கும்."

"உயரமானது?"

"பறக்கும். காத்துக்கு அவ்வளவா அசையாது. ஆனா வெடிமருந்து ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. பேரல் உள்ள வெந்து போகும். ஆயிரத்துச் சொச்சம் வெடி தாங்குனா பெரிசு. போட்டியில இல்லாம சும்மா சுட்டாலும் அந்தக் கணக்குலதான் வரும்."

தெய்வநாயகம் உயரமானதைக் கையில் எடுத்தார். எடுக்காமல் இருப்பாரா?

"இதுவே இருக்கட்டும் டீச்சர். ஆயிரம் வெடி நமக்கு எதேஷ்டம்."

செல்வபுஷ்பம் முப்பது அங்குல நீளத்துக்கு பேரல் குழலைக் கடைந்தாள். நீளக் குண்டு தள்ளாடாமல் போக, உள்ளே ஓடும் சுருள் வரியை நெருக்கமாக அமைத்தாள். வசந்த காலத்தில் துப்பாக்கி அவர் கைக்கு வந்தது.

ஒரு மாதம் கழித்து வந்தார். முகமெல்லாம் பல்.

"நூறு கஜத்துல சுட்டுப் பார்த்தேன். அஞ்சு குண்டும் ஒரு அங்குலத்துக்குள்ள!"

"நல்லாருக்கு. வர்ற வாரம் போட்டி இருக்கு, வாங்க."

"தோட்டாவை நானே அடைக்கிறேன்ல, மருந்தைத் துளியூண்டு கூட்டிப் பார்த்துட்டு வாரேனே."

"சரி."

கோடையில் மறுபடி வந்தார். ஒரு அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் ஒரே ஒரு ஓட்டை.

"அஞ்சு குண்டு டீச்சர்! அஞ்சும் ஒரே ஓட்டையில!"

"நாளைக்கு ஆயிரம் கஜப் போட்டி."

"நாளைக்கா? குண்டை ஒரு மயிரிழை உள்ள தள்ளி வச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன். குண்டு கம்பெனியையும் மாத்திப் பார்க்கணும்."

"அஞ்சும் ஒரே ஓட்டையில விழுந்தாச்சு. இதுக்கு மேல என்ன விழணும்?"

"விழுந்தாத்தானே டீச்சர் தெரியும்?"

அவள் லேத்தைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. அவர் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று போட்டிகள் நடந்தன. தெய்வநாயகம் எதற்கும் வரவில்லை. நூறு கஜத் திடலில் காலையும் மாலையும் அவருடைய வெடிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மனுஷர் ஊறுகாய்க்கு உப்புப் பார்ப்பவர்போல மருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

"டீச்சர், என்னமோ ஆயிடுச்சு. போன வாரம் வரைக்கும் சொன்ன பேச்சு கேட்டுச்சு. இப்போ கண்ட இடத்துல விழுது. எது கெட்டுருக்கும்? குறி பார்க்கிற ஸ்கோப்பா? மருந்தா?"

செல்வபுஷ்பம் பேரலுக்குள் சின்னக் கேமரா ஒன்றை விட்டாள். திரையில் உள்பக்கம் தெரிந்தது. வற்றிய கண்மாய் மாதிரி வெடிப்பு விட்டிருந்தது. சுருள் வரி தொடங்க வேண்டிய இடத்தில் வரியையே காணோம்.

"பேரல் செத்துப் போச்சு அண்ணாச்சி."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதை வச்சுப் போட்டியில எத்தனை சுட்டீங்க?"

"போட்டியிலயா?"

"ஆமா."

"அதுக்குத்தானே டீச்சர் தயாராயிட்டு இருந்தேன்."

"ஒரே ஓட்டை விழுந்தப்போ ஏன் நிறுத்தல?"

"அதைவிட நல்ல தோட்டா ஒண்ணு இருந்து, நான் பார்க்காம விட்டுட்டேன்னா?"

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது அவருக்கு. மெல்ல வலது கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"புது பேரல் போட்டுக் குடுங்க. இந்தத் தடவை சரியா யோசிச்சு..."

செல்வபுஷ்பம் உள்ளே போனாள். தன்னுடைய துப்பாக்கியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். கூடவே ஒரு பெட்டி தோட்டா. எல்லாம் குட்டை.

"ஞாயித்துக்கிழமை இந்த வருஷத்துக் கடைசிப் போட்டி. ஆயிரம் கஜத்துக்கு ஸ்கோப் வச்சுருக்கு. நீங்க கை வைக்காதீங்க."

"இது காத்துல ஆடுமே டீச்சர்!"

"ஆடும்."

"இதை வச்சு நான் எப்படி..."

"ஏழு மணிக்கு வந்துருங்க."

வந்தார்.

சுடுபவர்கள் வரிசையாகத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் மார்க் எழுத ஒருவர். தெய்வநாயகத்துக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் செல்வபுஷ்பம். தூரத்தில் மண்மேடு. அதன் மறைவில் இருக்கும் ஆட்கள், ஒவ்வொரு வெடிக்கும் குறி அட்டையை இறக்கி, குண்டு பட்ட இடத்தில் ஒரு தகட்டைச் செருகி மறுபடி ஏற்றுவார்கள்.

விசில் ஊதினார்கள். இருபது நிமிடம் அவகாசம்.

பக்கத்தில் இருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள். தெய்வநாயகம் சுடவில்லை. நூறு கஜத்தில் அவர் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. இங்கே வழி நெடுகக் கொடிகள். ஒன்று இடது பக்கம் பறந்தால் அடுத்தது வலது பக்கம் பறந்தது.

"காத்து ஒரு நிலையில இல்ல டீச்சர்."

"இல்ல."

"கொஞ்சம் நிக்கட்டும்."

பக்கத்துப் பாயில் இருந்தவர் சுட்டு முடித்து எழுந்து போனார். அடுத்தவரும் போனார். கொடிகள் பறந்தபடியே இருந்தன.

"இந்தா, அடங்குற மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டே நிமிஷம்."

பின்னால் நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது.

"எங்க போறீங்க டீச்சர்?"

"எழுத ஒண்ணுமில்லையே அண்ணாச்சி."

தெய்வநாயகம் கொடியை ஒரு தடவை பார்த்தார். மூச்சை விட்டார். சுட்டார்.

அட்டை இறங்கியது. வெகு நேரம் மேலே வரவில்லை. ஒருவேளை படவே இல்லையோ என்று அவருக்குப் பதறியது.

பிறகு ஏறியது. தகடு நடுவை விட்டு நன்றாகவே தள்ளி இருந்தது.

"பத்துக்கு ஏழு," என்றாள் செல்வபுஷ்பம். பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கேட்டது.

அவர் ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்துவிட்டார்.

"டீச்சர், அட்டை தெரியல."

"கண்ணு மங்குதா?"

"இல்ல. கலங்குது."

"அப்போ துடைச்சுட்டு அடுத்ததைப் போடுங்க."