துப்புக் கெட்ட ஹாலன்

கூட்டத்தின் நடுவே வாய் திறக்காமல் நிற்பவர் ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவிவருகிறது. படித்தவர்களும் இதை நம்புவதால் உடனடியாகத் திருத்தியாக வேண்டும். அவர் சிந்திப்பதில்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் தேயிலைத் தொழில் மாநாடு நடந்தபோது, ஒரு தூணை ஒட்டி ஹாலன் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தார்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் தேயிலைத் தொழிற்சாலையில் தேநீரை உறிஞ்சிச் சுவைத்துத் துப்பி, தரம் சொல்வது அவருக்கு வேலை. அங்கே தயாராகும் தேயிலை முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. புதிதாக யாராவது வாங்க முன்வராவிட்டால் மழைக்காலத்துக்கு முன் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

"ஒரே ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வா" என்றார் தொழிற்சாலையின் தலைவர் நஞ்சன். "அவர் மலையேறி வந்து நம்ம டீயைப் பாக்கட்டும். அது போதும்."

"வேற யாரையாவது அனுப்புங்க தலைவரே. எனக்குக் கூட்டம்னா ஆகாது."

"டீயைப் பத்தி உனக்குத்தானே தெரியும்?"

"டீயைப் பத்தித் தெரியும். மனுஷங்ககிட்டதான்..."

"யோவ், மனுஷங்கதான்யா டீ குடிக்கிறாங்க!"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாலன் சிரிக்கவில்லை. "துப்புக் கெட்ட மனுஷன்யா நீ" என்று சொல்லித்தான் நஞ்சன் அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

துப்பு என்ற சொல்லுக்குப் பழைய அகராதிகளில் வலிமை, அறிவு, உணவு, பவளம் என்று ஏகப்பட்ட பொருள் உண்டு. நஞ்சன் பவளத்தை உத்தேசிக்கவில்லை.

மாநாட்டுக் கூடத்தில் வரிசையாகக் கடைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒருவர் சிறு கோப்பையில் தேநீரை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல இரண்டு வாக்கியமாவது வேண்டும். வாங்கிக் குடிக்க ஒரு வார்த்தையும் வேண்டாம். ஹாலன் வாங்கிக் குடித்தார்.

முதல் கோப்பையைத் தொழில் பழக்கத்தில் சர்ரென்று உறிஞ்சிவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. வாயில் இருந்ததைத் துப்ப இடமில்லை. விழுங்கினார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கினார்.

கோப்பையோடு ஆளும் கூட வந்தார். பாக்கெட் போடும் இயந்திரம் விற்பவர் தன் முட்டி ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். ஏற்றுமதி செய்யும் அம்மாள், கனடாவிலிருக்கும் மகன் போனை எடுப்பதில்லை என்று கண் கலங்கினார். லாரிக் கம்பெனிக்காரர் தன் தம்பி செய்த துரோகத்தை முதலிலிருந்து தொடங்கினார். ஹாலன் தலையாட்டினார். இவ்வளவு நன்றாகக் கேட்கிற ஆளைப் பார்த்ததில்லை என்று அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவருடைய பையிலிருந்த தேயிலைப் பொட்டலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நஞ்சன் போன் செய்தார்.

"ஆள் கெடச்சாச்சா?"

"பேசிட்டிருக்கேன் தலைவரே."

"யார்கிட்ட?"

"உங்ககிட்ட."

நஞ்சன் சொன்ன பதிலை எந்த அகராதியிலும் சேர்க்கவில்லை.

மதியத்துக்குள் ஹாலனின் நெஞ்சு பறை போல அடித்தது. விரல்கள் நடுங்கின. கழிப்பறையைக் கண்டுபிடித்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றார். ஊரில் இந்நேரம் இலை வந்திருக்கும். தராசு முன்னால் கூடையும் கையுமாக எல்லோரும் நிற்பார்கள். இவர் இங்கே கழிப்பறையில் நிற்கிறார்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்கதானே உள்ளே?" என்றது முட்டிக்காரரின் குரல். "மீதியைச் சொல்லவே இல்லையே."

அவர் போகும்வரை மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, ஹாலன் கூடத்துக்குப் பின்னால் இருந்த சுவை பார்க்கும் அறைக்கு ஓடினார்.

அந்த அறை ஜெசிந்தாவின் பொறுப்பில் இருந்தது. ஜெசிந்தாவுக்கு ஹாலனின் மூத்த மகள் வயது. ஆனாலும் குன்னூரில் அவர் பக்கத்தில் நின்றுதான் ஹாலன் தேநீரைச் சுவைக்கக் கற்றுக்கொண்டார். குரு சீடனை அண்ணே என்பார். சீடன் குருவை மேடம் என்பார். இருவருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.

நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. துப்புவதற்கென்று இடுப்புயரத்தில் ஒரு தகரக் குடுவை, அடியில் சக்கரங்களோடு நின்றது.

"என்னண்ணே, கை இப்படி ஆடுது?"

"நான் ஊருக்குப் போயிடறேன் மேடம்."

"ஆள் கெடச்சிட்டாரா?"

"இல்லை. தலைவர் சொன்னது சரிதான். நான் துப்புக் கெட்டவன்தான்." அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "கூட்டத்துல எப்படி மேடம் இருக்கறது? எல்லாரும் பேசறாங்க. எல்லாம் உள்ளே போகுது. நெஞ்சு அடிச்சுக்குது."

"எத்தனை டீ ஆச்சு?"

"குடுத்ததையெல்லாம் குடிச்சேன்."

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடிச்சீங்களா?"

"வேற என்ன பண்றது? அங்கே எங்கே துப்பறது?"

ஜெசிந்தா ஒரு கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஹாலன் எழுந்தார். கோப்பையில் கரண்டியை விட்டார். துணி கிழிவது போல ஒரு சத்தத்தோடு உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். குடுவையில் துப்பினார். அடுத்த கோப்பைக்கு நகர்ந்தார். வரிசையின் கடைசிக்கு வரும்போது கரண்டி பிடித்த கையின் ஆட்டம் நின்றிருந்தது.

"மொதல் கோப்பை?" என்றார் ஜெசிந்தா.

"கருகல்."

"நீல மூடி வச்சது?"

"இலை சரியா வாடலை. பச்சை வாடை."

"ஜன்னலோரம்?"

"நல்ல டீ மேடம். நாக்குல துள்ளுச்சு."

"எல்லாம் ஞாபகம் இருக்கே. இதுல வயித்துக்குள்ள போனது எவ்வளவு?"

"ஒண்ணும் போகலை."

"சரி. காலையிலேர்ந்து பாத்த ஆளுங்களைச் சொல்லுங்க."

ஹாலன் சொன்னார். மகனைச் சொன்னார், தம்பியைச் சொன்னார், முட்டியைச் சொன்னார்.

"எந்தக் கால்?"

"இப்ப இடது கால். வலது காலுக்கு அடுத்த வருஷமாம். அந்த மனுஷன் மாடி வீட்டுல குடியிருக்கார் மேடம். எப்படி ஏறுவாரோ?"

"இன்னும் உள்ளேயே இருக்காரா?"

"இருக்கார்."

ஜெசிந்தா காலால் குடுவையைத் தள்ளினார். அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்து ஹாலனின் முன்னால் நின்றது.

ஹாலன் குடுவையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"உங்க தலைவர் சரியாத்தான் சொல்லியிருக்கார்ண்ணே" என்றார் ஜெசிந்தா. "காலையிலேர்ந்து ஒரு தடவைகூட நீங்க துப்பலை."

ஹாலன் கூடத்துக்குத் திரும்பினார். முட்டிக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். அவர் சொன்னதை ஹாலன் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். "இப்ப நடக்க முடியுதுங்களா?" என்றார். முடிகிறது என்றார் அவர். "சந்தோஷமுங்க" என்று சொல்லிவிட்டு ஹாலன் நகர்ந்தார். முட்டிக்காரர் கொஞ்சம் திகைத்தார். பிறகு வேறு ஒருவரிடம் போய் இடது காலிலிருந்து ஆரம்பித்தார்.

நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஹாலனால் இப்போது கூடத்தைப் பார்க்க முடிந்தது. கோடியில் ஒரு செடித் தொட்டியின் பக்கத்தில் சேகு மதார் நின்றிருந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்து டீக்கடைகளில் பாதிக்கு மேல் கொதிப்பது சேகு மதார் கொடுக்கும் தேயிலைதான். மாநாட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவரைப் பிடிக்கத்தான் வந்திருந்தார்கள். அவரோ வாய் திறக்காமல் நின்றார். ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார் என்று எல்லோரும் மரியாதையோடு விலகிப் போனார்கள்.

ஹாலன் கிட்டே போனார். பேருந்தில் வரும்போது மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"பாத்ரூம் இடது கைப்பக்கம் சார்" என்றார். "ஆனா அங்கே போற வழியில முட்டி ஆபரேஷன் பண்ணினவர் நிக்கறார். மாடியில இன்னொண்ணு இருக்கு."

சேகு மதார் அவரை உற்றுப் பார்த்தார்.

"காலைலேர்ந்து இங்க ஒருத்தர் சொன்ன உருப்படியான வார்த்தை இதுதாம் வே" என்று சொல்லிவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தார்.

திரும்பி வந்தவர் நேராக ஹாலனிடம் வந்தார்.

"இந்தக் கட்டடத்துல சத்தம் இல்லாத எடம் ஏதும் உண்டுமா?"

"ஒண்ணு இருக்குங்க. ஆனா உறிஞ்சற சத்தமும் துப்பற சத்தமும் கேக்கும்."

"இவங்க பேசுத சத்தத்துக்கு அது எவ்வளவோ தேவல. வாரும்."

ஜெசிந்தா வணக்கம் சொன்னதோடு சரி, எதுவும் கேட்கவில்லை. ஹாலன் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். அது காலையிலிருந்து பையிலேயே கிடந்து மூலை நசுங்கியிருந்தது. ஜெசிந்தா அதை நிறுத்து, வெந்நீர் ஊற்றி, மூடிவைத்தார். ஊறும் நேரம் முடிந்து மணி அடித்ததும் வடித்து, வரிசைக்கு நடுவில் பெயரில்லாமல் ஒரு கோப்பையாக வைத்தார்.

சேகு மதார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரண்டியை எடுத்தார். உறிஞ்சினார், துப்பினார். நகர்ந்தார். உறிஞ்சினார், துப்பினார். ஒவ்வொரு முறையும் தகரத்தில் டங்கென்று சத்தம் எழுந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஹாலனின் கோப்பை வந்தது. உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். அப்படியே நின்றார்.

தகரத்தில் சத்தம் வரவில்லை. அவருடைய தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகு அடுத்த கோப்பைக்குப் போனார். உறிஞ்சினார். டங்கென்று துப்பினார்.

ஹாலன் குடுவையை எட்டிப் பார்த்தார். மெல்ல நகர்ந்து ஜெசிந்தாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம்" என்றார் ரகசியமாக. "நம்மளோடதை மட்டும் துப்பலையே. விழுங்கிட்டாரே. ஏதாவது தப்பா?"

ஜெசிந்தா கோப்பைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் துப்பணும்னு நான் எப்பண்ணே சொன்னேன்?"



அடுத்த வாரம் சேகு மதாரின் கார் கோத்தகிரி மலைப்பாதையில் ஏறியது. வழியில் பாத்ரூம் இல்லாததால் வளைவுகளில் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.