இளவரசனை அழவைத்த அரசமுகம்

நெடுங்காலத்துக்கு முன்பு, வெண்கரை நாட்டை அடலேறு என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். முடி சூடியவன் சிரித்தால் பகைவருக்கு அச்சம் விட்டுப்போகும் என்பது அவன் குலத்தவர் கொள்கை. ஆகவே, புருவத்தை நெரித்து, உதட்டை இறுக்கி, எப்போதும் 'அரசமுகம்' காட்டுவான். போர்க்களத்தில் அது பயன்பட்டது, தொட்டிலருகே பயன்படவில்லை. அவன் தூக்கினாலே ஒன்பது மாத இளவரசன் வீறிட்டு அழுதான்.

அமைச்சர் எழினிமேல் பொறாமை கொண்டிருந்த படைத்தலைவன், தளவாய் வங்கனுக்கு இது நல்ல வாய்ப்பாயிற்று.

"வேந்தே, செவிலி மருதி யார்? அமைச்சர் எழினியின் தங்கையல்லவா? தங்களைப் பற்றித் தீய சொற்களைக் குழந்தையின் காதில் ஓதி, வெறுப்பூட்டிவிட்டாள்!"

"பொழுது சாய்வதற்குள் அவள் நாட்டை விட்டு நீங்கட்டும்!" என்றான் மன்னன்.

அவையிலிருந்த எழினி முன்னே வந்தார். தங்கைக்கு வேறு போக்கிடம் ஏது? ஆயினும், பணிவாகவே சொன்னார்:

"சோதித்துப் பார்த்து அனுப்பலாமே, வேந்தே? தளவாய் இளவரசரை வாயாரப் புகழட்டும். ஆனால், தங்கள் அரசமுகத்தோடு புகழவேண்டும்."

"மன்னர் முகத்தை என்னைப்போல் யார் அறிவார்?" என்று மார்தட்டிய வங்கன், புருவத்தை நெரித்தான், உதட்டை இறுக்கினான். "குலக்கொழுந்தே! கட்டிக்கரும்பே!"

மருதியின் மடியிலிருந்த இளவரசனின் கீழுதடு பிதுங்கியது. அடுத்த நொடி, அவையே அதிரும் அழுகை!

மருதி தேற்றியபின், எழினி முகமெல்லாம் மலரக் குனிந்தார்.

"அடே முரடா! அரசரின் பட்டாடையை நனைத்த குற்றவாளியே! உன்னைச் சிறையில் தள்ளட்டுமா?"

இளவரசன் கைகொட்டிச் சிரித்தான்.

"என் மகனையா திட்டுகிறீர், அமைச்சரே?"

"அவர் அதைக் கேட்கவில்லை, வேந்தே, என் முகத்தைப் பார்த்தார். வசை எது, வாழ்த்து எது என்று அவருக்குத் தெரியாது. கடுமுகமும் மலர்ந்த முகமும் நன்றாகத் தெரியும். மருதி எதை ஓதியிருந்தாலும் விளங்கியிராது."

மன்னன் வங்கனை நோக்கினான். அவனோ முகத்தைக் கலைக்க மறந்து விறைத்து நின்றான்.

"நான் இப்படியா இருக்கிறேன்?"

"அச்சு அசலாகத் தாங்களேதாம், வேந்தே!" என்றான் வங்கன், பெருமையோடு.

மன்னனுக்குச் சிரிப்புப் பீறிட்டது, மணிமுடி சரிந்தது. இளவரசன் அம்முகத்தை வியப்போடு உற்றுப் பார்த்தான். பிறகு, இரு கைகளையும் நீட்டித் தந்தையிடம் தாவினான்.

மருதி அரண்மனையிலேயே தங்கினாள். எழினிக்கு முத்துமாலை கிடைத்தது.

"எனக்கு என்ன கட்டளை, வேந்தே?" என்று வங்கன் தலையைச் சொறிந்தான்.

"நாள்தோறும் இளவரசன்முன் போய் நில்லும். அவன் உம்மைப் பார்த்துச் சிரிக்கும் நாளில் தளவாய்ப் பதவி திரும்பக் கிடைக்கும்."

மறுநாளே வங்கன் பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு போய் நின்றான். இளவரசன் அந்தப் பற்களைப் பொருட்படுத்தவில்லை. கண்களையே சற்று நேரம் பார்த்தான். பார்த்துவிட்டு, மருதியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.