மண்ணை அள்ளும் கை

“டீச்சரம்மா, தோத்துட்டேன். உண்மையைக் கையில வச்சுக்கிட்டே தோத்துட்டேன்.”

காத்தமுத்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. கோபம் வந்தால் அவருக்கு நாற்காலி கண்ணில் படாது.

குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் வால்வு திருப்பியவர். ஓய்வு பெற்றதும், மண் பரிசோதனைக்கூடம் நடத்தும் மெஹருன்னிசாவிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு அறுபத்தொன்று.

நகரமே நெய்தவாய் ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஏரிக்கரையை ஒட்டித் தனவேல் முதலாளியின் பட்டறை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற இடம். கழிவு கொட்டிக் கொட்டி அங்கே மண் கறுத்துக் கிடந்தது. ஐப்பசி மழை பிடித்தால் அத்தனையும் ஏரிக்குள் இறங்கிவிடும். அதற்கு இன்னும் இரண்டே வாரம்.

காத்தமுத்து கொடுத்த புகாரின் பேரில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி நடத்திய விசாரணையில் நடந்ததை அவர் ஒன்றுவிடாமல் கொட்டினார். மண்ணில் ஈயம் எக்கச்சக்கம் என்று அறிக்கையைப் படித்ததும் தனவேல் எழுந்தாராம். எதில் அள்ளினீர்கள் என்று கேட்டாராம். இவர் வெள்ளந்தியாக மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினாராம். பச்சை பெயிண்ட் அடித்த மண்வெட்டி. ஈயம் அந்தப் பெயிண்டிலிருந்து வந்தது என்று தனவேல் சொல்ல, கூடமே சிரித்துவிட்டதாம்.

“அவர் சொன்னது பொய்யா, ஐயா?”

காத்தமுத்து சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியைப் பார்த்தார். பெயிண்ட் அடித்த எதிலும் மண் எடுக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம்.

“இல்லம்மா. என் தப்புதான்.”

மெஹருன்னிசா உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

“இதுல அள்ளினா சரியாயிடுமா?”

“பாதி சரியாகும்.”

“மீதி?”

“அள்ளப்போறது யாரு?”

“நான்தான். வேற யாரு?”

மெஹருன்னிசா குடுவை கழுவப் போய்விட்டார்.

காத்தமுத்துவுக்கு மனசு நொந்துபோனது. என்னை நம்பவில்லையா இந்தப் பெண் என்று மூன்று நாள் குமைந்தார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. அதிகாரி முன்னிலையிலேயே மறுபடி மண் எடுக்க வேண்டும் என்று மனு கொடுத்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சம்மதம் வாங்கிவிட்டார்.

மண் எடுக்கும் நாளன்று பட்டறை வாசலுக்குத் தனவேல் வெள்ளை வேட்டியும் சிரிப்புமாக வந்தார். செருப்புக் காலால் கறுப்பு மண்ணைத் தட்டிக் காட்டினார்.

“தங்கமான மண்ணு, சார். எம் பேத்தி இதுலதான் சோறு பொங்கி விளையாடுவா.”

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார்.

காத்தமுத்து குனிந்தார். கொட்டாங்கச்சி மண்ணைத் தொடப் போன நேரத்தில் கை நின்றது. மூன்று நாளாகப் புரியாதது அப்போது புரிந்தது. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“சார், நான் அள்ளினா நாளைக்கு மறுபடியும் ஒரு பேச்சு வரும். முதலாளியே அவர் கையால அள்ளித் தரட்டும்.”

அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது.

தனவேல் கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டு குந்தினார். மண்ணுக்கு ஒரு சாண் மேலே அவர் கை அப்படியே நின்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஏரியில் நீர்க்கோழி ஒன்று முங்கி எழுந்தது.

தனவேல் பட்டறைப் பக்கம் திரும்பினார். தினமும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:

“மேஸ்திரி, என் கையுறையை எடுத்துட்டு வாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

“தாராளமா போட்டுக்கிட்டு அள்ளுங்க,” என்றார். “அப்படியே பட்டறைப் பூட்டையும் கொண்டுவரச் சொல்லுங்க.”