ராட்செட்டின் பல்லைப் பிடுங்கிய குழு

கூழையனேந்தலில் குடிநீர் மோட்டார் ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் ஆட்கள் நாலு பேர். தலைவர் அங்குசாமி யோசிப்பார். துணைத் தலைவர் ராக்கப்பன், அவர் யோசித்து முடிக்கும்வரை பக்கத்தில் துணையாக நிற்பார். செயலாளர் பூவலிங்கம் யோசித்ததை நோட்டில் எழுதுவார். நாலாவது ஆள் சோணை வெறும் உறுப்பினர் என்பதால் வேலை செய்வார்.

இவர்களை ஊர் கூடித்தான் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு மற்ற எல்லோருக்கும் வேறு வேலை இருந்தது. நாலு பேருக்கும் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எண்ணமே குறைவு.

இருளாண்டி மகள் கல்யாணத்தன்று காலையில்தான் மோட்டார் தன் புத்தியைக் காட்டியது. சுவிட்சைப் போட்டதும், மோட்டாரும் குழாயும் சேரும் இடத்திலிருந்து தண்ணீர் மயில் தோகை மாதிரி விரிந்து அடித்தது. மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. பந்தலில் நானூறு பேருக்கு அரிசி அளந்து வைத்தாயிற்று. அதைக் களையத் தண்ணீர் இல்லை.

டவுனிலிருந்து பிட்டர் ஜெபமணி மொபெட்டில் வந்தார். பத்து வருஷமாகச் சுற்றுவட்டாரத்து மோட்டார்களையெல்லாம் கட்டி மேய்க்கிற பெண். குனிந்து பார்த்தார், ரப்பர் வாசர் தேய்ந்து போயிருந்தது. புது வாசர் ஒன்றையும், நட்டைத் திருப்ப ஒரு ராட்செட்டையும், சாதாரண ஸ்பானர் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

"அண்ணே, பக்கத்தூரு ஆஸ்பத்திரியில மோட்டாரு படுத்துக் கெடக்கு. நான் அவசரமாப் போகணும். இது நாலு நட்டு வேலை. நீங்களே பார்த்துக்கலாம். கேளுங்க."

பூவலிங்கம் நோட்டைத் திறந்தார்.

"இந்த ராட்செட்டு முதுகுல ஒரு சின்ன விசை இருக்கு பாருங்க. கழட்டணும்னா இடப்பக்கம் தள்ளுங்க, இறுக்கணும்னா வலப்பக்கம். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினாப் போதும். டக் டக்குனு சத்தம் வந்தா சும்மா சுத்துதுன்னு அர்த்தம். சத்தம் வரலேன்னா வேலை நடக்குது. ஒரு ஆளு அடியில போல்ட்டைப் பிடிச்சுக்கணும், இன்னொரு ஆளு மேல நட்டைத் திருப்பணும். பழைய வாசரை எடுத்துட்டு புதுசைப் போட்டு இறுக்கிருங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்பதையும் பூவலிங்கம் எழுதிக்கொண்டார்.

மொபெட் போனதும் குழு கூடியது. முதல் சிக்கல், எது இடப்பக்கம் என்பது.

"எனக்கு இடப்பக்கம் சுவரு இருக்கு," என்றார் ராக்கப்பன்.

"எனக்கு அந்தச் சுவரு வலப்பக்கம் இருக்குதே," என்றார் எதிரே நின்ற பூவலிங்கம். "சுவரு ஒண்ணுதான். அது எப்படி ரெண்டு பக்கமும் இருக்கும்?"

அங்குசாமி கையை உயர்த்தினார். "கழட்டப் போறது மோட்டாரை. அப்ப மோட்டாருக்கு எது இடப்பக்கம்னுதான் பார்க்கணும். மோட்டாரு நம்மளைப் பார்த்து இருக்கு. அதனால அதோட இடம் நமக்கு வலம்."

இந்தத் தெளிவைக் கண்டு ராக்கப்பனுக்குக் கண் கலங்கியது. விசையை வலப்பக்கம் தள்ளினார்கள். அதாவது, இறுக்குகிற பக்கம்.

சோணை குழாய்க்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஸ்பானரால் போல்ட்டின் தலையைப் பிடித்தார். ராக்கப்பன் மேலே ராட்செட்டை மாட்டித் திருப்பினார். ஏற்கெனவே இறுகியிருந்த நட்டுதான், ஆனாலும் சுகமாகச் சுற்றியது. ஏனென்றால் கீழே சோணையும் போல்ட்டைக் கூடவே சுற்றிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் நட்டும் போல்ட்டும் புதுமணத் தம்பதி மாதிரி சேர்ந்தே சுற்றின.

"ஏண்டா சோணை, நீயும் சுத்துறியா?" என்று அங்குசாமி குனிந்து கேட்டார்.

"பிடிச்சுக்கத்தான் சொன்னாங்க அண்ணே. எதிர்த்து நிக்கச் சொல்லலையே. மேல இருந்து என்ன வருதோ அதுக்குக் கட்டுப்பட்டுப் போறேன்."

இவ்வளவு நல்ல உறுப்பினர் எந்தக் குழுவுக்கும் வாய்க்காது.

ஆனால் பூவலிங்கத்தின் காது வேறெங்கோ இருந்தது. கைப்பிடி திரும்பி வரும்போதெல்லாம் ராட்செட் டக் டக் டக் என்றது. அவர் நோட்டைப் புரட்டினார்.

"நிறுத்துங்க! சத்தம் வந்தா சும்மா சுத்துது, சத்தம் வரலேன்னா வேலை நடக்குதுன்னு எழுதியிருக்கேன். இப்ப சத்தம் வருது. அப்ப வேலை நடக்கல."

ராக்கப்பன் கையை எடுத்தார். சத்தம் நின்றது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நடக்குது," என்று மெதுவாகச் சொன்னார் அங்குசாமி.

அதன்பின் யாரும் எதையும் தொடவில்லை. மோட்டாரைச் சுற்றி நாலு பேரும் மூச்சைக்கூட அளந்து விட்டபடி நின்றார்கள். இருபது நிமிஷம் வேலை மும்முரமாக நடந்தது. அரசாங்க ஆபீசுகளில் மட்டும் பார்க்கக்கூடிய வேகம்.

அப்போது பந்தலில் நாதஸ்வரக்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள்.

"போச்சு!" என்று துள்ளினார் பூவலிங்கம். "சத்தம்! பாதி வேலையில நின்னு போச்சு!"

ராக்கப்பனும் பூவலிங்கமும் பந்தலுக்கு ஓடி, தவில்காரர் கையிலிருந்த கோலைப் பிடுங்கினார்கள். நாதஸ்வரக்காரர் அதிர்ச்சியில் ஒரு தப்பான சுரத்தில் நின்றார். வாசலில் ஒரு சேவல் கூவியது. ராக்கப்பன் அதையும் கைப்பற்றித் துண்டால் வாயைக் கட்டினார்.

பெண்ணின் அப்பா இருளாண்டி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு வந்தார். அடுப்பில் அண்டா காய்கிறது, மாப்பிள்ளை வீட்டார் கை கழுவத் தண்ணீர் கேட்கிறார்கள், சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த நிலையில் அவர் கண்டது, மோட்டாரை மௌனமாகச் சுற்றி நிற்கிற ரெண்டு பேரையும், சேவலை அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்த இன்னும் ரெண்டு பேரையும்.

"யோவ் மச்சான், என்னய்யா பண்றீங்க?"

அங்குசாமி உதட்டில் விரல் வைத்தார். "வேலை நடக்குது."

"எங்கய்யா நடக்குது?"

"கேட்டீகளா? ஒண்ணும் கேக்கலைல? அதான்."

இருளாண்டியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. நட்டைக் காட்டுவதாக நினைத்து விரலை நீட்டினார். விரல் போய் நின்ற இடத்தில் ராட்செட் இருந்தது. "பேசாம அதைக் கழட்டித் தொலைங்கய்யா! இன்னும் ஒரு மணி நேரத்துல பந்தி!" என்று கத்திவிட்டு ஓடினார்.

குழு ராட்செட்டைப் பார்த்தது.

"அதைக் கழட்டச் சொல்றாரு," என்றார் ராக்கப்பன். "பொண்ணைப் பெத்தவரு மனசு நோகக் கூடாது."

கழற்றினார்கள். இதில் மட்டும் அவர்களுக்கு ஒரு தடங்கலும் வரவில்லை. திருகாணிகளை எடுத்து மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளி ராக்கப்பன் மூக்கில் பட்டு எங்கோ போனது. மிளகு அளவு குண்டு ஒன்று உருண்டு, ரூமை ஒட்டியிருந்த கிணற்றுக்குள் விழுந்தது. மிஞ்சியது ஒரு பல்சக்கரமும், அதை ஒட்டி ஓர் இரும்புப் பல்லும்.

அங்குசாமி பல்லைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இவன்தாண்டா குற்றவாளி. சக்கரம் பாவம், ரெண்டு பக்கமும் சுத்தத் தயாரா இருக்கு. இவன் குறுக்க உட்கார்ந்துக்கிட்டு ஒரு பக்கம் விடுறான், ஒரு பக்கம் விடமாட்டேங்கிறான். பாரபட்சம் பாக்குறான்."

"டக் டக்குனு கத்துறதும் இவன்தான் அண்ணே," என்றார் சோணை. அவர் பல்லைச் சக்கரத்தில் உரசிப் பார்த்திருந்தார். அன்றைய ஒரே ஆராய்ச்சி அதுதான்.

"அப்ப எடுத்துருவோம்."

ஏகமனதாக முடிவாயிற்று. பல்லில்லாமல் மூடியைப் போட்டு முடுக்கினார்கள். நட்டில் மாட்டித் திருப்பினார் ராக்கப்பன். கைப்பிடி வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. இடப்பக்கமும் வழுக்கிக்கொண்டு வந்தது. வெண்ணெயில் கரண்டி விட்ட மாதிரி.

"சத்தம் வரலை!" என்றார் பூவலிங்கம். "போகும்போதும் வரலை, வரும்போதும் வரலை!"

"அப்படின்னா ரெண்டு பக்கமும் வேலை நடக்குது," என்றார் அங்குசாமி. "பிட்டரம்மா குடுத்தது ஒரு பக்கம்தான் செய்யும். நாம அதை ரெண்டு மடங்கு ஆக்கிட்டோம்."

ராட்செட்டைக் கண்டுபிடித்தவருக்கு இது தோன்றாமல் போனது அவருடைய துரதிர்ஷ்டம். ஒவ்வொரு நட்டுக்கும் நூறு சுற்று என்று கணக்கு வைத்துச் சுற்றினார்கள். நட்டு நாலும் இருந்த இடத்தில் இருந்தன. நூறு ஆனதும் பூவலிங்கம் "முதல் நட்டு கழன்றது" என்று எழுதுவார். நாலாவது நட்டும் நோட்டில் கழன்றது. அதன்பின் புது வாசரைப் போட வேண்டும். எங்கே போடுவது என்று ஜெபமணி சொல்லியிருக்கவில்லை. அங்குசாமி அதை மோட்டார் மேலேயே போட்டார். பிறகு மறுபடி நூறு நூறு சுற்றி இறுக்கினார்கள்.

"போடு சோணை!"

சோணை சுவிட்சைப் போட்டார். மயில் தோகை விரிந்தது. வாசர் தண்ணீரில் அடித்துக்கொண்டு போய் வாசலில் விழுந்தது. நாலு பேரும் சேவலும் தொப்பலாக நனைந்தார்கள்.

இருளாண்டி மறுபடி வந்து பார்த்தார். இந்த முறை அவர் கத்தவில்லை. ஈரத் தரையில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்த சனம் ஒரு வாய் தண்ணி குடிக்காம போகப்போகுதே மச்சான்," என்றார். அங்குசாமிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆறுதலுக்குச் சேவலை அவர் மடியில் வைத்தார்.

நல்லவேளையாக இருளாண்டியிடம் போன் இருந்தது. ஆஸ்பத்திரி வேலையை முடித்திருந்த ஜெபமணி கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்.

ராட்செட்டை எடுத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இதுக்குள்ள இருந்த பல்லு எங்கண்ணே?"

அங்குசாமி சட்டைப் பையிலிருந்து பெருமையாக எடுத்துக் கொடுத்தார். "பாரபட்சம் பார்த்துச்சு. நீக்கிட்டோம்."

"அண்ணே, இந்தப் பல்லுதாண்ணே ராட்செட்டே. ஒரு பக்கம் திருப்புனா சக்கரத்தைக் கடிச்சுப் பிடிச்சு நட்டைத் திருப்பும். கைப்பிடியைத் திருப்பிக் கொண்டாரப்ப சக்கரத்து மேல வழுக்கி விட்டுரும். அதான் அந்த டக் டக். விசையைத் தள்ளுனா பல்லோட இன்னொரு ஓரம் கடிக்கும், திசை மாறிரும். பாரபட்சம் பாக்குறதுதாண்ணே அதோட வேலை!"

"அப்ப அது வேலைக்காரன்தானா?" என்று வருத்தமாகக் கேட்டார் சோணை.

ஜெபமணி தன் பெட்டியிலிருந்து வேறொரு ராட்செட்டை எடுத்தார். கீழே ஸ்பானரைத் தானே ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறுகையால் டக் டக் என்று நாலு நட்டையும் கழற்றினார். வாசலில் கிடந்த வாசரைத் துடைத்து உள்ளே வைத்து இறுக்கினார். பத்து நிமிஷம். சுவிட்சைப் போட்டார். குழாயில் தண்ணீர் விம்மி ஏறியது. இருளாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

புறப்படும்போது ஜெபமணி குழுவைப் பார்த்து விரலை ஆட்டினார். "நல்லாக் கேட்டுக்கங்க. இனிமே இந்த மோட்டாரை நீங்களும் தொடக்கூடாது, வேற யாரையும் தொட விடக்கூடாது."

பூவலிங்கம் எழுதிக்கொண்டார். நாலு பேரும் ரூமுக்குள்ளேயே இருந்துகொண்டு இரும்புக் கதவை உள்பக்கம் தாழ் போட்டார்கள்.

பந்தி ஜோராக ஆரம்பித்தது. இரண்டாவது பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில் தொட்டி நிறைந்தது. மூன்றாவது பந்தியில் வழிந்தது. தொட்டி பந்தலை ஒட்டியே இருந்ததால் வழிந்த தண்ணீர் நேராகக் கூரையில் விழுந்து, கிழித்துக்கொண்டு இலைகளில் இறங்கியது. சாம்பாரும் ரசமும் மோரும் ஒன்றாகி ஒரே நிறத்துக்கு வந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அப்பளத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

இருளாண்டி மோட்டார் ரூம் ஜன்னலுக்கு நீந்தாத குறையாக வந்து சேர்ந்தார். "மோட்டாரை நிறுத்துங்கய்யா!"

"தொடக்கூடாதுன்னு உத்தரவு மச்சான்."

"அந்தம்மாவையே சொல்லச் சொல்றேன், கேக்குறீங்களா?" இருளாண்டி ஜெபமணிக்கு போன் போட்டு, நிலைமையைச் சொல்லி, கம்பி வழியாகப் போனை உள்ளே நீட்டினார். அங்குசாமி மரியாதையோடு வாங்கிக் காதில் வைத்தார்.

"அண்ணே!" ஜெபமணியின் குரல் ஜன்னலுக்கு வெளியே வரை கேட்டது. "மொதல்ல ஆஃப் பண்ணுங்க! உடனே ஆஃப் பண்ணுங்க!"

"சரிங்கம்மா," என்ற அங்குசாமி, போனை ஆஃப் பண்ணினார்.

"என்னய்யா சொன்னாங்க?"

"ஆஃப் பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டேன்." ஜன்னல் கம்பியில் அங்குசாமி போனைத் திருப்பிக் காட்டினார். திரை கறுப்பாக இருந்தது.

"அடப்பாவி மனுசா!" இருளாண்டி கம்பியைப் பிடித்து உலுக்கினார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்திருந்தது. "ஆன் பண்ணுய்யா! சீக்கிரம் ஆன் பண்ணு!"

அங்குசாமி ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கம்பி வழியாகக் கையை விட்டு இருளாண்டியின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"மோட்டாரு ஆன்லதான் மச்சான் இருக்கு. பதறாதீக. நாங்க உயிரோட இருக்கிற வரைக்கும் அது நிக்காது."