கயிறு பிடித்த மச்சான்

முன்னொரு நாளில், இரண்டு கரைகளுக்கு நடுவே கிடந்த ஒரு குட்டித் தீவில் கோயில் திருவிழா நடந்தது. இந்தக் கரைத் தமிழர்களும் எதிர்க்கரைச் சிங்களவர்களும் படகேறி வந்தார்கள். அவர்களோடு சொற்களும் கிளம்பி வந்துவிட்டன. சொற்களுக்கு ஏது டிக்கெட்!

கொடி இறங்கியதும் கூட்டம் கலைந்தது. மிஞ்சியவை இரண்டே படகுகள். ஒன்று, சங்கு குளிக்கிற கஸ்பாரின் வள்ளம். அதில் அவனும் அவன் பெண்டாட்டி பிரகாசியும். மற்றது பியதாசவின் பெரிய படகு. அது நிறையப் பெண்களும் பிள்ளைகளும்.

ஒரே பொருளைச் சொல்லும் நாலு பாஷைச் சொற்கள் இன்னும் கரையில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டிருந்தன.

"என்னைப் பலகையில் எழுதி ஆபீஸ் வாசலில் மாட்டுவார்கள்," என்றது இங்கிலீஷ்கார டிரஸ்ட்.

"என்னிடம் ஒப்படைத்த பொருளை ஒரு பயல் தொட மாட்டான்," என்றது அரபு மாலுமிகளோடு வந்த அமானத்.

"எங்கள் ஊரில் என்னைக் கண்ணைப்போல என்பார்கள்," என்றது சிங்களத்து விஸ்வாச.

கஸ்பார் வீட்டில் வளர்ந்த நம்பிக்கை சும்மா இருக்குமா? "நான் இருந்தா எங்க ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டே கடல்ல இறங்குவாங்க, தெரியும்ல!" என்றது.

அப்போதுதான் பெரிய படகிலிருந்து கூக்குரல் கேட்டது. நங்கூரம் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டது. கட்டியிருந்ததோ இரும்புச் சங்கிலி, அறுக்கவும் வழியில்லை. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் படகு பாறையில் மோதித் தூள்தூளாகிவிடும்.

கஸ்பார் வள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பினான். "நான் முங்கி எடுத்துவிடுதேன்."

"கயிறை யாரு பிடிப்பா?" என்றது நம்பிக்கை. குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மேலே அவன் மைத்துனன்தான் பிடிக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண் அசர மாட்டான். அந்த மைத்துனனோ காய்ச்சலில் ஊரில் கிடந்தான்.

"எங்கள் பியதாச பிடிப்பான்," என்றது விஸ்வாச.

"யாரு? போன மாசம் எங்க வலையை அறுத்த கூட்டமா?"

"எங்கள் மீனை வாரிக்கொண்டு போனது நீங்கள்தானே?"

"இரண்டு சாட்சி, ஒரு கையெழுத்து இருந்தால் போதும்," என்று டிரஸ்ட் நடுவில் புகுந்தது.

"படகு முழுகின பிறகா?" என்றது அமானத்.

அலை பெரிய படகைத் தூக்கிப் போட்டது. பிள்ளைகள் வீறிட்டார்கள். பியதாச வள்ளத்தில் குதித்தான். ஆனால் கயிற்றைத் தொடவில்லை. தொடலாமா என்று கஸ்பாரையே பார்த்தான். கஸ்பாரும் கொடுக்கவில்லை.

பிரகாசிதான் எழுந்தாள். கயிற்றைப் பிடுங்கி பியதாசவின் கையில் திணித்தாள். தன் தாலியை எடுத்து அவனுக்குக் காட்டினாள்.

"அண்ணே, இவுக ஒங்க மச்சான். பாத்துக்கிடுங்க."

அவனுக்குத் தமிழ் தெரியாது. தாலியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "நங்கி," என்றான். தங்கச்சியை அவன் பாஷையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கஸ்பார் குதித்துவிட்டான்.

நம்பிக்கை நடுங்கியபடி பியதாசவின் தோளில் ஏறி உட்கார்ந்தது. அங்கே விஸ்வாச ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டன. வள்ளம் ஆடியது, கயிறு உள்ளங்கையைக் கிழித்தது, ரத்தம் சொட்டியது. பியதாச கண்ணை எடுக்கவேயில்லை. அட, சொந்த அண்ணன்கூட இப்படிப் பிடிப்பானா!

'இழு' என்று கீழேயிருந்து கயிறு வெடுக்கென்று துள்ளியது. பியதாச தன் பலமெல்லாம் திரட்டி இழுத்தான். கஸ்பாரின் தலை மேலே வந்தது. சங்கிலி விடுபட்டு, பெரிய படகு பாறையை விட்டு ஜம்மென்று விலகியது. இரண்டு பாஷையிலும் ஒரே ஆரவாரம்! பிரகாசி சிரித்துக்கொண்டே அழுதாள்.

பியதாச கஸ்பாரை வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"யோவ் மச்சான், மூச்சு விட விடுய்யா!" என்று திணறினான் கஸ்பார்.

டிரஸ்ட் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. "நம்மில் யாரால் ஜெயித்தார்கள்? எந்தச் சொல்லை அவள் சொன்னாள்?"

நம்பிக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுவரை இல்லாத கம்பீரத்தோடு சொன்னது:

"தள்ளி நில்லுங்கப்பா. சொந்தக்காரங்க பேசிக்கிட்டிருக்காங்க."