வரக் கூடாதவை

சோழிங்கநல்லூரில் வீடு தேடி அலைந்த சாஃப்ட்வேர்காரி பேச்சியம்மாளுக்கு இது பதினேழாவது வீடு. ஹாஸ்டலைக் காலி செய்ய இரண்டே நாள்தான் பாக்கி. "இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர்" என்றது ஆப்பில் வந்த விளம்பரம்.

வீட்டுக்காரர் அரங்கநாதன் மீசையை நீவிக்கொண்டே சட்டம் போட்டார்.

"விருந்தாளி வரக் கூடாது. கருவாட்டு வாசனை வரக் கூடாது. கம்ப்யூட்டர்ல மீட்டிங் பேசுற சத்தம் வெளியே வரவே கூடாது. என் பேச்சுக்கு மறுபேச்சு வரக் கூடாது!"

"சரிங்க சார்."

எழுதின புரோகிராமையே ஓட்டிப் பார்க்காமல் நம்பாதவள், விளம்பரத்தையா நம்புவாள்? சமையலறைக் குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"உங்களுக்கு எல்லாரும் எப்படிப் பயப்படுறாங்க சார்!" என்றாள் பணிவாக. "தண்ணிகிட்டயும் வரக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களோ?"

காலிக் குடத்தோடு வாசலில் நின்ற பக்கத்து வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.